நூற்றறுபது மீட்டருக்குக் கீழே ஓர் ஆமாம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் கடமான் வேட்டை உரிமத்தைப் பிடுங்கிக்கொள்ளட்டும். வடக்கு ஸ்வீடனில், எங்கள் கிரான்நேஸ் ஊரில், அதற்கு மேல் ஆணையிட ஒருவனிடம் ஒன்றும் கிடையாது. மனைவி மேல் ஆணையிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் நம்புவதில்லை.

நடந்தது ஹில்டிங்குக்கு. என்னிடம் சொன்னதும் அவரேதான். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாளும் ஒரு நிமிஷம் முந்தியதில்லை, பிந்தியதில்லை. ஆகவே இதில் வரும் மணியும் நிமிஷமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவை.

பேய்க்கு நடுநிசிதான் பொருத்தம் என்பார்கள். மன்னிக்க வேண்டும். இது பிற்பகல் இரண்டு நாற்பத்தேழுக்கு நடந்தது. ஜனவரியில் எங்கள் ஊர்ச் சூரியன் இரண்டேகாலுக்கெல்லாம் கடையைச் சாத்திவிடும். இருட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

நீங்கள் தண்ணீருக்குப் போர் போடுவீர்கள். நாங்கள் சூட்டுக்குப் போர் போடுகிறோம். பாறையில் நூற்றறுபது மீட்டர் துளை. அதற்குள் ஒரு குழாய் இறங்கி, அடியில் திரும்பி, மேலே வரும். உள்ளே உறையாத ஒரு திரவம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது பாறையின் சூட்டை வாங்கி வர, நிலவறையில் நிற்கும் பம்பு அதைப் பிழிந்து வீட்டுக்குக் கொடுக்கும். வரும் சூடு எவ்வளவு? மூன்று டிகிரி. அது ஒரு சூடா என்று சிரிக்காதீர்கள். வெளியே மைனஸ் முப்பது இருக்கும்போது மூன்று டிகிரி என்பது அடுப்பு.

ஹில்டிங் பதினேழு வருஷத்துக்கு முன்பே போர் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டு எவர்ட் விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏரியின் அந்தக் கரையில் குளிர்காலத்தில் ஆள் இருக்கும் வீடு இந்த இரண்டுதான். மற்றவை கோடைக்கு வருகிறவர்களுடையவை.

கோடை வந்தால் அதே துளை வீட்டைக் குளிர்விக்கும். ஜூலையில் எவர்ட் பீர் டப்பாவோடு வந்து ஹில்டிங்கின் கூடத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவார்.

"பாறையைக் கறக்கிறவன்டா நீ."

"கறந்த பாலைக் குடிக்க மட்டும் வந்துடு."

நாற்பது வருஷம் இப்படித்தான் போயிற்று. ஹில்டிங்கின் மனைவி சோல்பிரித் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஹில்டிங்குக்கு இந்த உலகத்தில் பேச்சுத் துணை என்று இருந்தது ஒரே ஒரு ஆள். தினமும் காலை பத்து மணிக்கு எவர்ட்டோடு காப்பி. அது போனால் அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. இதை அவர் எவர்ட்டிடம் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அதையெல்லாம் சொல்வதில்லை.

'ஆமாம்' என்றுகூட நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுப்போம். ஷ்ஷுப். அதுதான் ஆமாம். தெற்கிலிருந்து வருகிறவர்கள் எங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'இல்லை' என்பதற்குத்தான் எங்களுக்கும் நாக்கு வேண்டும்.

அந்த அக்டோபரில் எவர்ட்டுக்கு முதுகு மக்கர் பண்ணியது. விறகு பிளக்க முடியவில்லை. நகராட்சிக் காகிதம் ஒன்றோடு வந்து காப்பிக்கு உட்கார்ந்தார். இரண்டு துளைக்கு நடுவே இருபது மீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் ஒரு துளையின் சூட்டை இன்னொன்று குடித்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி.

"உன் துளைக்கும் என் துளைக்கும் பதினாலு மீட்டர்தான் வருது."

"அப்போ?"

"சாய்ச்சுப் போடச் சொல்லியிருக்கேன். ஏரிப் பக்கமா. உன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இறங்கும்."

"நிஜமா ஏரிப் பக்கமா?"

எவர்ட் மூச்சை இழுத்தார். ஷ்ஷுப்.

"என் சூட்டுல கை வச்சே, வேட்டைக் குழுவிலேருந்து உன்னைத் தூக்கிடுவேன்."

"நீயா? நீ அடிச்ச ஒரே கடமான் உன் பஸ்ஸுல வந்து மோதினதுடா."

ஹில்டிங் கையெழுத்துப் போட்டார். போர் லாரி வந்தது. மூன்று நாள் ஏரி நடுங்கியது. லாரி போயிற்று.

பேருந்து ஓட்டிய பழக்கத்தில் ஹில்டிங் பம்பின் எண்ணைத் தினமும் நாட்காட்டியில் எழுதுவார். பாறையிலிருந்து மேலே வரும் திரவத்தின் சூடு. பதினேழு வருஷமாகக் குளிர்காலத்தில் மூன்று, இரண்டரை, மூன்று.

நவம்பர் இருபது: 2.9.

டிசம்பர் பத்து: 0.4.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்: மைனஸ் 2.2.

வீட்டுக்குள் இருபத்தொரு டிகிரி இருந்தது பதினாறாயிற்று. பிறகு பதின்மூன்று. ஹில்டிங் ரோமத் தொப்பியோடு உட்கார்ந்து சூப் குடித்தார்.

கேட்டிருக்கலாம். முப்பது அடி தூரம்தான். ஆனால் எங்கள் ஊரில் சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம். ஆறு வாரம் அடைகாத்து, பிறகு பேச்சை நிறுத்திவிடுவோம். தலைவலி என்று சொல்லி ஹில்டிங் பத்து மணிக் காப்பிக்குப் போவதை விட்டார். புத்தாண்டு அன்று, எவர்ட் வீட்டைப் பார்த்திருக்கும் தன் ஜன்னல்களுக்கெல்லாம் திரையை இழுத்து ஊசி குத்தினார். தொலைபேசியின் கம்பியையும் பிடுங்கிப் போட்டார்.

ஜனவரி எட்டாம் தேதிதான் முதல் விபரீதம். அன்று மட்டும் கம்பியைத் திரும்பச் செருகி, பம்பு மெக்கானிக் பெண்ணைக் கூப்பிட்டார்.

"கீழே போற குழாய் ஒரு டிகிரி காட்டுது. மேலே வர்ற குழாய் மைனஸ் அஞ்சு காட்டுது."

"தலைகீழாச் சொல்றீங்க பெரியவரே. மேலே வர்றதுதான் சூடா இருக்கணும்."

"தெரியும்."

"சென்சாரை மாத்தி மாட்டியிருப்பாங்க."

"பதினேழு வருஷமா மாட்டினபடிதான் இருக்கு."

"சரி, கையால தொட்டுப் பாருங்க."

தொட்டார். கீழே போவது குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். மேலே வருவது... விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தார். கொஞ்சம் தோல் குழாயிலேயே தங்கிவிட்டது.

"அப்படின்னா உங்க வீடுதான் பாறைக்குச் சூடு குடுத்துக்கிட்டிருக்கு," என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அது நடக்காதே. அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்."

ஹில்டிங்குக்கு அது பேயாகப் படவில்லை. எவர்ட் எவ்வளவு உறிஞ்சினால் பாறைக்கே இந்தக் கதி என்றுதான் பட்டது. கம்பியைத் திரும்பப் பிடுங்கினார்.

ஜனவரி பதினொன்று, வியாழக்கிழமை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. அதை நாங்கள் குளிர் என்று சொல்வதில்லை. இரண்டாவது பொத்தானையும் போட்டுக்கொள்வோம்.

2:31. பம்பு நின்றது.

வீட்டில் அப்படி ஓர் அமைதி. இத்தனை வருஷம் ஒரு சத்தம் இருந்ததே அது நின்றபோதுதான் தெரிந்தது. ஹில்டிங் கைவிளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். பதினோரு படி. பம்பின் திரையில் எண் ஒளிர்ந்தது.

மைனஸ் 19.

அந்த எண்ணைக் காட்டும் முன்பே அந்த வகைப் பம்பு எப்போதோ நின்றிருக்க வேண்டும்.

2:40. டக்.

குழாய்க்குள். ரொம்பக் கீழே.

டக்.

கொஞ்சம் மேலே. சுருங்கும் இரும்பு என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அது இரும்புக் குழாய் இல்லை. பிளாஸ்டிக்.

டக்... டக்... டக்...

வயதான மனிதர் ஒருவர் படியேறுவதுபோல ஒரே சீராக வந்தது. நடு நடுவே மூச்சு வாங்க நிற்பதுபோல ஓர் இடைவெளி. திரும்பவும் டக்.

2:46. சுவரில் குழாய் நுழையும் இடத்துக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது.

ஹில்டிங்குக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முன்னால் நின்றது. "நாசமாப் போற எவர்ட்," என்றார் வாய்விட்டு. "நீதானே குடிக்கிறே என் சூட்டை?"

2:47.

குழாய்க்குள்ளிருந்து...

ஷ்ஷுப்.

கைவிளக்கைக் குழாயின் பக்கம் திருப்பினார். காற்றுக்குமிழ் என்று சொல்லிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏரிப் பக்கம் சாய்க்கவே இல்லை. அப்படித்தானே?"

ஷ்ஷுப்.

"என் வீட்டுக்கு அடியிலயா?"

ஷ்ஷுப்.

"தெரிஞ்சேவா?"

ஷ்ஷுப். கொஞ்சம் நீளமாக.

இந்த இடத்தில் நானாக இருந்தால், 'நான்தான் ஸ்வீடன் ராஜாவா?' என்று ஒரு கேள்வி போட்டுப் பார்த்திருப்பேன். அதற்கும் மூச்சை இழுத்தால் சாயம் வெளுத்துவிடும். ஹில்டிங்கும் சோதிக்கத்தான் நினைத்தார். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அந்தப் பெரிய கடமான். பன்னிரண்டு கிளைக் கொம்பு. ரெண்டு பேரும் ஒண்ணாச் சுட்டோம். என் குண்டுதானே பட்டது?"

ஷ்ஷுப்.

"எனக்குத் தெரியும்," என்றார் ஹில்டிங்.

சிரித்தார்கூட. உறைந்த நிலவறையில், தோலுரிந்த விரலோடு, தன்னந்தனியாக நின்று சிரித்தார். அந்த நொடியிலிருந்து அது சொன்னதெல்லாம் அவருக்கு வேதம்.

அடுத்த கேள்வியை அவர் கேட்க நினைக்கவே இல்லை. சத்தியமாக இல்லை என்றார் என்னிடம். அது தானாக நாக்குக்கு வந்தது.

"சோல்பிரித்..."

அமைதி.

"சோல்பிரித்தும் எவர்ட்டும்..."

கேள்வி முடியவில்லை.

ஷ்ஷுப்.

இந்த முறை குழாயிலிருந்து இல்லை.

அவர் காதுக்குப் பின்னாலிருந்து.

படியேறியது அவருக்கு நினைவில்லை. கோட்டு இல்லாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார். 2:58. எவர்ட் வாசலில் பனி வழிக்கப்படவில்லை. முழங்கால் வரை இறங்கியது. அடுத்தவன் சூட்டில் சுகமாகக் கிடக்கிறவனுக்குப் பனி வழிக்க எங்கே மனசு வரும் என்று நினைத்துக்கொண்டார்.

தட்டினார்.

3:01. கதவு திறந்தது.

உள்ளே விளக்கு இல்லை. எவர்ட் நின்றார். கோடைச் சட்டை.

மைனஸ் முப்பத்தொன்றில் கதவைத் திறந்தால் வீட்டுச் சூடு வெள்ளைப் புகையாக வாசலில் உருண்டு வரும். வரவில்லை.

"என் வீட்டுக்கு அடியிலதானே போட்டே?"

எவர்ட் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஷ்ஷுப்.

"சோல்பிரித்?"

ஷ்ஷுப்.

மூச்சு உள்ளே போனது. ஹில்டிங்கின் வாயிலிருந்து ஆவி புகைந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்து வாயிலிருந்து...

ஒன்றும் வரவில்லை.

கண்ணில் பட்டது. மனதில் படவில்லை. நாற்பது வருஷ நட்பு நெஞ்சுக்குள் நொறுங்கும்போது யார் ஆவியை எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

"செத்துப் போ," என்றார் ஹில்டிங்.

திரும்பி நடந்தார். 3:03.

மறுநாள் காலை 6:10க்கு வீட்டில் இருபத்தொரு டிகிரி. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 3.2. யாரும் ஒன்றும் பழுது பார்க்கவில்லை. அடுத்த வாரம் வந்த மெக்கானிக் பெண் இரண்டு மணி நேரம் குடைந்துவிட்டு, புதுப் பம்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹில்டிங் தன் போக்கில் கணக்குப் போட்டார்: பிடிபட்டதும் வெட்கப்பட்டுத் தன் பம்பை நிறுத்திவிட்டான்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள், சரியாகப் பத்து மணிக்கு, கதவு தட்டும் சத்தம். மூன்று தட்டு. ஹில்டிங் நாற்காலியை விட்டு எழவில்லை. மறுநாளும் மூன்று தட்டு. அதற்கு மறுநாளும். வாசல் பனியில் காலடிகளுக்கு இரண்டு பக்கமும், கைத்தடி ஊன்றியதுபோல, வட்ட வட்டமாகச் சின்னக் குழிகள் இருந்தன. பார்த்தார். கேட்கவில்லை. எவர்ட்டும் என்ன கோபம் என்று கேட்கவில்லை. நாலாம் நாள் தட்டு நின்றது.

ஜூலை வந்தது. கூடம் ஜில்லென்று இருந்தது. பீர் டப்பாவோடு யாரும் வரவில்லை. ஹில்டிங் வேட்டைக் குழுவிலிருந்து தானே விலகிக்கொண்டார். சோல்பிரித்தின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பத்தொன்பது மாதம், முப்பது அடி தூரத்தில், இரண்டு பேரும் தனித்தனியாகக் காப்பி குடித்தார்கள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் எவர்ட் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் காப்பியும் இறால் ரொட்டிக் கேக்கும். நான் அந்த ஜனவரி முழுவதும் தெற்கே தங்கை வீட்டில் இருந்தவன். ஊர் விவகாரம் எனக்கு அரைகுறை. ஹில்டிங் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கேக்கைத் தொடவில்லை. அன்றைக்குத்தான் இது முழுவதையும், மணி நிமிஷத்தோடு, என்னிடம் சொன்னார்.

எவர்ட்டின் மகள் லிசெலோட் மேசை மேசையாகக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டை விற்கப் போவதால் காகிதங்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நான் சும்மா இருக்கவில்லை. போர் போட்டவர்களின் பதிவுத் தாளைத் தேடி எடுத்தேன். ஆழம் நூற்றெழுபது மீட்டர். சாய்வு பதினைந்து டிகிரி. திசை, ஏரி.

ஹில்டிங் முன்னால் வைத்தேன். மூன்று முறை படித்தார்.

"ஆனா அவனே ஒத்துக்கிட்டானே. என் முகத்துக்கு நேரா. ரெண்டு தடவை."

"வாயைத் திறந்தா?"

"மூச்சை இழுத்து."

"அட மடையா," என்றேன். "மைனஸ் முப்பத்தொண்ணுல கதவைத் திறந்தா எவன்டா மூச்சை இழுக்க மாட்டான்? குளிரு முகத்துல அறைஞ்சிருக்கும். அதைப் போய் ஆமாம்னு எடுத்துக்கிட்டியா?"

ஹில்டிங்கின் முகம் கலங்கியது. இந்தப் பத்தொன்பது மாதமும் துரோகம் செய்தது யார் என்று அவருக்குள் கணக்கு மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள், மூன்று தட்டு. அவர் எழுந்திருக்கவில்லை. 'செத்துப் போ' என்பதுதான் அவனிடம் சொன்ன கடைசிச் சொல். 

லிசெலோட் எங்கள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"எந்தக் கதவு, பெரியப்பா?"

"உங்க வீட்டுக் கதவும்மா. அவன் திறந்தப்போ நான் ஒரு தப்பான வார்த்தை சொல்லிட்டேன். பொல்லாத வார்த்தை."

"எப்போ?"

"போன வருஷம் ஜனவரி பதினொண்ணு. மூணு மணி ஒரு நிமிஷம்."

அவள் காப்பிக் குடுவையை மேசையில் வைத்தாள். ஹில்டிங்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, ஒரு நோயாளியிடம் பேசுகிறவள்போல, மெதுவாகச் சொன்னாள்.

அந்த ஜனவரி ஒன்பதாம் தேதியிலிருந்து இருபதாம் தேதிவரை எவர்ட், இடுப்பெலும்பு முறிந்து, இருநூறு கிலோமீட்டர் தள்ளி உமேயோ ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் படுத்திருந்தார்.